கிரீடம் என்றால் கறுப்புக் காய்க்கு ஒரு கண்... தெரியுமா?

சீனாவின் டிங் லிரன் எந்தக் காயை ஆடி உலக செஸ் சாம்பியன் ஆனார் தெரியுமா? கறுப்பு! ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பிடுங்கியது எந்தக் காய்? அதுவும் கறுப்புதான்!

2023 ஏப்ரல் 30, கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா. பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். டிங் கையில் கறுப்பு. ஜெயித்தார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். மறுபடி பட்டப் போட்டி, மறுபடி கடைசி ஆட்டம். இந்த முறை டிங் கையில் வெள்ளை. தோற்றார். எதிரே கறுப்போடு உட்கார்ந்திருந்தவர் நம்ம சென்னைப் பையன் குகேஷ்!

இதிலென்ன அதிசயம், இரண்டு நிறம்தானே, ஏதாவது ஒன்று ஜெயிக்கத்தானே வேண்டும் என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். செஸ்ஸில் வெள்ளைக்கு முதல் நகர்த்தல் உண்டு. டென்னிஸில் சர்வீஸ் கையில் இருப்பது மாதிரி! லட்சக்கணக்கான ஆட்டங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மொத்தப் புள்ளிகளில் ஏறக்குறைய 52 முதல் 56 சதவீதம் வெள்ளைக்குப் போகிறது. பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் மோதும்போது கறுப்பு கிடைத்தவர் 'இன்றைக்கு டிரா செய்தால் போதும் சாமி' என்று நினைத்து உட்காருவதுதான் வழக்கம். பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1972, 1985, 2010, 2023, 2024. இந்த ஐந்து வருஷமும் உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தை ஜெயித்தது கறுப்பு! ஃபிஷர், காஸ்பரோவ், ஆனந்த், டிங், குகேஷ். செஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூடக் கேள்விப்பட்டிருக்கும் பெயர்கள் இதில் பாதிக்கு மேல்!

முதலில் அஸ்தானா. டிங்கும் ரஷ்யாவின் இயான் நெப்போம்னியாச்சியும் 14 ஆட்டம் ஆடி 7-7 சமம். அப்புறம் 25 நிமிஷ ரேபிட் ஆட்டங்கள் நான்கு. அதில் முதல் மூன்றும் டிரா. நான்காவதில் டிங் கறுப்பு. 46வது நகர்த்தலில் வெள்ளை ராணி செக் வைக்கிறது. ராஜாவை ஒதுக்கினால் மறுபடி செக், மறுபடி செக் என்று டிராவாகிவிடும். பிளிட்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். டிங் என்ன செய்தார் தெரியுமா? தன் யானையைத் தூக்கி ராஜாவுக்கு முன்னால் வைத்தார். அதாவது நகர முடியாதபடி யானையைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டார்! கடிகாரத்தில் நேரம் தேய்ந்துகொண்டிருந்த அந்த நிலையில் இப்படி ஒரு நகர்த்தல் யாருக்கு வரும்? 68வது நகர்த்தலில் நெப்போம்னியாச்சி கை கொடுத்தார். சீனாவிலிருந்து உலக சாம்பியனான முதல் ஆண் வீரர் டிங்.

இனி சிங்கப்பூர். கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம், இது நம் வீட்டு விஷயம்.

அந்தப் போட்டி தொடங்கியதே கறுப்பின் வெற்றியோடுதான், தெரியுமா? முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை, டிங் கறுப்பு. ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி 42 நகர்த்தலில் டிங் ஜெயித்தார். 3வது ஆட்டத்தில் குகேஷ் பதிலடி கொடுத்தார், 11வதில் முந்தினார், 12வதில் டிங் சமன் செய்தார். 13 ஆட்டம் முடிந்தபோது 6.5-6.5. 14வதில் குகேஷுக்குக் கறுப்பு. டிரா ஆனால் மறுநாள் ரேபிட். ரேபிடில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்று பலரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

மணிக்கணக்காக ஆட்டம் ஓடியது. ராணிகள் போய்விட்டன. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். ஜெயிப்பது கடினம், ஆனாலும் எதிராளியை உட்காரவைத்து வறுத்தெடுக்கலாம். பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 55வது நகர்த்தல். டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு இழுத்தார். யானைக்கு யானை வெட்டிக்கொண்டால் டிராவுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று எண்ணம். ஆனால் அவருடைய பிஷப் இருந்த இடம் ஏ8. பலகையின் மூலை! யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5க்குக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினால், மூலையிலிருக்கும் பிஷப்புக்கு ஓட வழியே இல்லை. அதையும் வெட்டிக்கொண்டே ஆகவேண்டும். மிச்சம் இருப்பது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் கதை முடிந்தது.

இதை குகேஷ் கண்டுகொண்ட நொடியை வீடியோவில் பார்த்திருக்கிறீர்களா? கண் விரிகிறது. தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார். முகத்தில் சிரிப்பு வருவதை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. தான் தப்பு செய்துவிட்டோம் என்று டிங்குக்கு உறைத்ததே எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தானாம்! பிறகு அவரே சொன்னார். இன்னும் மூன்று நகர்த்தல், 58ல் ஆட்டம் முடிந்தது. 7.5-6.5. 18 வயதில் 18வது உலக சாம்பியன்! கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பையன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? கலைந்து கிடந்த காய்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் தொடக்க இடத்தில் அடுக்கி வைத்தார். வெளியே அப்பா ரஜினிகாந்த் நடையாய் நடந்துகொண்டிருந்தார். (பெயர்தான் அது. தொழிலில் காது மூக்கு தொண்டை டாக்டர்.)

சரி, குகேஷுக்கு முன்னால் மிக இளம் வயது உலக சாம்பியன் யார்? 22 வயதில் ஜெயித்த கேரி காஸ்பரோவ். அவர் பட்டம் ஜெயித்த ஆட்டத்தில் கையில் என்ன காய்?

கறுப்பேதான்!

1985 நவம்பர் 9, மாஸ்கோ, சைக்கோவ்ஸ்கி இசை அரங்கம். 24 ஆட்டப் போட்டியில் 23 முடிந்து காஸ்பரோவ் 12, நடப்பு சாம்பியன் கார்போவ் 11. கடைசி ஆட்டத்தில் கார்போவுக்கு வெள்ளை. அவர் ஜெயித்தால் 12-12 சமம். சமமானால் நடப்பு சாம்பியனுக்கே பட்டம் என்பது விதி. பத்து வருஷமாகச் சாம்பியனாக இருந்தவர், எதிராளியை மெல்ல மெல்ல நெரித்து மூச்சுத் திணறவைப்பதில் பேர் போனவர். அப்பேர்ப்பட்டவர் அன்று தன் சுபாவத்தை விட்டு ராஜாவின் மேல் பாயப் போனார். காஸ்பரோவ் சிசிலியன் ஆடினார். ஒரு கட்டத்தில் தன் இரண்டு யானைகளையும் தன் சிப்பாய்க்குப் பின்னாலேயே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். முன்னால் வழியே இல்லை, அங்கே எதற்கு இரண்டு யானை? கார்போவ் நீட்டிய கைக்கு அடி எங்கிருந்து வரும் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது! 42வது நகர்த்தலில் 13-11.

அதே போட்டியின் 16வது ஆட்டம் இதைவிடப் பெரிய விருந்து. அதிலும் காஸ்பரோவ் கறுப்பு. ஒரு சிப்பாயைத் தானமாகக் கொடுத்துவிட்டு, 16வது நகர்த்தலில் ஒரு குதிரையை டி3 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அதாவது வெள்ளையின் வீட்டு நடுக்கூடத்தில்! அங்கிருந்து எட்டுத் திக்கும் அதன் பிடி. 'ஆக்டோபஸ் குதிரை' என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். 34வது நகர்த்தல் வரை அதை அசைக்க முடியவில்லை. உலக சாம்பியனின் யானைகளும் குதிரைகளும் சொந்த வீட்டில் எழுந்து நடக்க இடமில்லாமல் மூலையில் முடங்கிக் கிடந்தன. 40ல் கார்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதில் வேடிக்கை, அந்தச் சிப்பாய்த் தானம் உண்மையில் அவ்வளவு சரியானதல்ல! அடுத்த வருஷமே கார்போவ் இன்னொரு போட்டியில் அதற்கு மருந்து கண்டுபிடித்துக் காட்டினார். மருந்து ஒரு வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போவோம். 1972, ஐஸ்லாந்தின் ரேக்யவிக். அமெரிக்காவின் பாபி ஃபிஷர், சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கி. ஃபிஷர் அதுவரை ஸ்பாஸ்கியை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, தெரியுமா? மூன்று தோல்வி, இரண்டு டிரா. அதோடு ரேக்யவிக் போய் முதல் ஆட்டத்தையும் தோற்றார். கேமரா சத்தம் போடுகிறது என்று கோபித்துக்கொண்டு இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை, அதுவும் போச்சு. 0-2. மூன்றாவது ஆட்டத்தை மேடையில் ஆட மாட்டேன் என்று அடம் பிடித்தார். ஸ்பாஸ்கி பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொள்ள, பார்வையாளர் யாருமில்லாத ஒரு பின்பக்க அறையில் ஆட்டம் நடந்தது. ஃபிஷருக்குக் கறுப்பு. 11வது நகர்த்தலில் குதிரையைப் பலகை ஓரத்துக்கு, எச்5க்குத் தள்ளினார். அங்கே வெள்ளை பிஷப் அதை வெட்டலாம். வெட்டினால் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் வரிசை கோணலாகும். எந்தச் செஸ் வாத்தியாரும் தலையில் குட்டுகிற நகர்த்தல்! அந்த ஆட்டத்தில்தான் ஃபிஷர் ஸ்பாஸ்கியை வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயித்தார்.

முதல் வெற்றி கறுப்பு என்றால் கடைசி வெற்றி? அதுவும் கறுப்பு! 21வது ஆட்டம் ஆகஸ்ட் 31 அன்று பாதியில் நின்றது. அந்தக் காலத்தில் ஆட்டம் நீண்டால் அடுத்த நகர்த்தலை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள், மறுநாள் தொடர்வார்கள். ஸ்பாஸ்கி எழுதி ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஃபிஷர் அரங்கத்துக்கு வந்தபோது எதிர் நாற்காலி காலி. ஸ்பாஸ்கி போன் போட்டு நடுவரிடம் தோல்வியைச் சொல்லியிருந்தார். உலகப் பட்டம் தொலைபேசியில் கை மாறியது!

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இது. கடைசி ஆட்டத்தில் வெள்ளை கிடைத்தவருக்கு 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்ற பாரம் தலையில் ஏறிவிடுகிறது. கார்போவுக்கு ஜெயித்தே ஆகவேண்டும், ஸ்பாஸ்கிக்கும் ஏறக்குறைய அப்படியே. கறுப்பு காத்திருக்கலாம். டிங் இந்தக் கணக்கில் சேராதவர். அவர் ஒன்றுமே செய்யாமல் டிராவுக்குத் தப்பிக்கப் பார்த்துத்தான் விழுந்தார். ஆனால் சோஃபியாவில் டோபலோவ் விழுந்தது நூற்றுக்கு நூறு இந்தக் கணக்கில்!

அந்தக் கதை தெரியுமா? 2010 ஏப்ரல். ஆனந்த், பல்கேரியாவின் டோபலோவோடு அவருடைய சொந்த நாட்டிலேயே மோதப் போக வேண்டும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வரை வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஐஸ்லாந்தில் ஏயாஃப்யாட்லயோகுட்ல் என்ற எரிமலை வெடித்துவிட்டது. (அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்கிறவருக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.) சாம்பல் மேகம் ஐரோப்பாவை மூட, விமானங்கள் எல்லாம் ரத்து. ஆனந்த் என்ன செய்தார்? காரில் ஏறினார்! ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா என்று நாடு நாடாகத் தாண்டி, சுமார் 40 மணி நேரப் பயணம். மூன்று நாள் தள்ளி வையுங்கள் என்று கேட்டார். ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். இறங்கியதும் முதல் ஆட்டத்தில் தோல்வி. 2லும் 4லும் வெற்றி, 8ல் மறுபடி தோல்வி. 11 முடிந்து 5.5-5.5.

மே 11, 12வது ஆட்டம். டோபலோவுக்கு வெள்ளை. ஆனந்த் எடுத்தது லாஸ்கர் டிஃபென்ஸ். நூறு வருஷத்துக்கும் பழைய தற்காப்பு. அலமாரியில் தூசி படிந்து கிடந்ததை அன்றைக்கென்று எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். 'எனக்கு டிரா போதும்' என்று பலகையிலேயே எழுதி ஒட்டியது போன்ற தேர்வு. டிரா ஆனால் ரேபிட், ரேபிடில் ஆனந்தை யார் தாங்குவது? அந்த யோசனைதான் டோபலோவைத் தின்றிருக்க வேண்டும். சமநிலையில் இருந்த ஆட்டத்தை வலுக்கட்டாயமாகத் திறந்தார். 31வது நகர்த்தலில் ஆனந்த் ஒரு சிப்பாயை ஈ4க்குத் தள்ளினார், அவ்வளவுதான். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருந்த சுவர் பொலபொலவென்று விழுந்தது. ஜெயிக்க வந்தவர் தன் ராஜாவைக் காப்பாற்ற ஓட ஆரம்பித்தார். 56ல் முடிந்தது. 6.5-5.5. டிரா போதும் என்று உட்கார்ந்தவர் கையில் பட்டம்!

ஆனந்துக்கும் கறுப்புக்கும் நெருக்கம் ஏற்கெனவே இருந்ததுதான். 2008ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு பட்டப் போட்டி. கிராம்னிக் வெள்ளையோடு உட்கார்ந்தால் அவரைத் தோற்கடிப்பது மலையை நகர்த்துகிற வேலை. ஆனந்த் 3வது ஆட்டத்தில் கறுப்போடு ஜெயித்தார். சரி, ஒருமுறை மாட்டிக்கொண்டார் என்று பார்த்தால், 5வதில் அதே தொடக்கம், அதே கறுப்பு, மறுபடி வெற்றி! ஒரே பொறியில் இரண்டு முறை. அந்த 3வது ஆட்டம் நடந்த தேதி அக்டோபர் 17.

அக்டோபர் 17 என்றதும் செஸ் பைத்தியங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஏன் தெரியுமா? 1956ல் அதே தேதியில், நியூயார்க்கின் மார்ஷல் செஸ் கிளப்பில் நடந்த ஆட்டத்துக்குத்தான் 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று பெயர். வெள்ளை, 26 வயது டொனால்ட் பைர்ன். கறுப்பு, 13 வயது பொடியன். பாபி ஃபிஷர்தான்!

அந்த ஆட்டம் நடந்த ரோசன்வால்ட் போட்டியில் பொடியன் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. 11 ஆட்டத்தில் 4.5 புள்ளி. ஆனால் அந்த ஒரு ஆட்டம்! 11வது நகர்த்தலில் குதிரையை ஏ4 கட்டத்தில் வைத்தான். வெள்ளைக் குதிரை அதை வெட்டலாம், ஆனால் வெட்டினால் நடுப்பலகை வெடித்துவிடும். பைர்ன் வெட்டவில்லை. அடுத்த சில நகர்த்தல்களில் பைர்னின் ராஜா கோட்டை கட்ட முடியாமல் நடுவிலேயே மாட்டிக்கொண்டது. 17வது நகர்த்தலில்தான் இடி. பைர்னின் பிஷப் ஃபிஷரின் ராணியை முறைத்துக்கொண்டு நிற்கிறது. எந்தக் குழந்தையும் ராணியை நகர்த்தும். இந்தக் குழந்தை தன் பிஷப்பை ஈ6க்கு நகர்த்தியது! ராணியை எடுத்துக்கோ என்று அர்த்தம்.

பைர்ன் எடுத்துக்கொண்டார். வேறு வழியும் நல்லதாக இல்லை. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். பிஷப் செக். குதிரை செக். குதிரை விலக, பின்னாலிருக்கும் பிஷப் செக். மறுபடி குதிரை, மறுபடி பிஷப். ராஜா ஜி1, எஃப்1, ஜி1, எஃப்1 என்று இரண்டு கட்டத்துக்குள் செக்குமாடாகச் சுற்ற, ஒவ்வொரு சுற்றிலும் ஃபிஷர் ஏதாவது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே போனான். சுற்றி முடித்தபோது ராணிக்கு ஈடாக ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு சிப்பாய் சேர்ந்திருந்தது. வெள்ளை ராணி பி8ல், தூரத்து வரிசையில் தனியாக நின்று வேடிக்கை பார்க்க, இந்தப் பக்கம் 41வது நகர்த்தலில் செக் மேட்!

இங்கே டொனால்ட் பைர்னுக்கு ஒரு சலாம். இந்த மட்டத்தில் யாரும் மேட் ஆகும்வரை ஆடுவதில்லை. தோல்வி தெரிந்ததும் கை கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் மரபு. பைர்ன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொடியன் தன் அழகான ஆட்டத்தை மேட் வரை ஆடி முடிக்கட்டும் என்று விட்டார். பலகையில் அந்தக் கடைசிக் காட்சி இன்று நமக்குக் கிடைத்திருப்பது தோற்றவரின் பெருந்தன்மையால்! 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று பெயர் சூட்டியவர் ஹான்ஸ் கிமோக் என்ற செஸ் எழுத்தாளர். நூற்றாண்டில் பாதியும் கொஞ்சமும்தான் முடிந்திருந்த நேரத்தில் என்ன துணிச்சல் பாருங்கள்!

இதோடு முடியவில்லை. டொனால்டுக்கு ராபர்ட் என்று ஓர் அண்ணன். அவரும் பெரிய ஆட்டக்காரர். 1963 டிசம்பரில் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அண்ணன் வெள்ளை, ஃபிஷர் கறுப்பு. 21 நகர்த்தலில் அண்ணனும் அவுட்! தம்பியைப் போலவே, அழகு ஆட்டம் என்று உலகம் கொண்டாடும் ஒன்றில். அன்று பக்கத்து அறையில் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ரசிகர்களுக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். பைர்ன் ஒரு குதிரை கூடுதலாக வைத்திருக்கிறார், அவருக்குத்தான் வெற்றி என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: பைர்ன் தோல்வியை ஒப்புக்கொண்டார்! ஜெயிப்பவர் யார் என்பது அந்தக் கட்டிடத்தில் ஆடிக்கொண்டிருந்த இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்த சாம்பியன்ஷிப்பில் ஃபிஷர் எடுத்தது 11க்கு 11.

கறுப்பின் அழகு ஆட்டங்களுக்குப் பரம்பரையும் உண்டு, தெரியுமா? 1907, போலந்தின் லோட்ஸ் நகரம். ரோட்லெவி வெள்ளை, அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பு. ரூபின்ஸ்டைனின் இரண்டு பிஷப்புகளும் தூரத்திலிருந்து வெள்ளை ராஜாவைக் குறிவைத்துக் காத்திருக்க, அவர் முதலில் ஒரு யானையைக் கொடுத்தார், ராணியைக் கொடுத்தார், இன்னொரு யானையையும் வெட்டும் இடத்தில் வைத்தார். 25வது நகர்த்தலில் எதிராளிக்கு எல்லாம் இருந்தது, மேட்டிலிருந்து தப்பிக்க வழி மட்டும் இல்லை.

105 வருஷம் கழித்து, 2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் கடலோர ஊரான வைக் ஆன் ஸேயில் டாட்டா ஸ்டீல் போட்டி. ஆர்மேனியாவின் ஆரோனியன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. அதே மாதிரி இரண்டு பிஷப், அதே மாதிரி ராஜாவைக் குறிவைத்து! ரூபின்ஸ்டைன் ஆட்டம் மறுபிறவி எடுத்தது என்று உலகமே கூவியது. 16வது நகர்த்தலில் ஆனந்த் பலகையைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஒரு பிஷப் சிப்பாயின் வாயில், ஒரு குதிரை பிஷப்பின் வாயில், போதாததற்கு இன்னொரு குதிரையை ஈ5ல் சிப்பாய்களின் வாயில் கொண்டுபோய் வைத்தார். எதை வேண்டுமானாலும் சாப்பிடு! ஆரோனியன் அந்த ஈ5 குதிரையைச் சிப்பாயால் வெட்டியிருந்தால்? கறுப்பு ராணி டி4ல் செக். ராஜா மூலைக்குப் போகும். ராணி ஜி1ல் குதித்து மறுபடி செக், யானை ராணியை வெட்டியே ஆகவேண்டும். மிச்சமிருக்கும் குதிரை எஃப்2ல் இறங்கினால் மேட்! சொந்தக் காய்களாலேயே மூச்சடைத்துச் சாகும் ராஜா. ஆரோனியன் அதைத் தவிர்த்து வேறு வழியில் போனார். அங்கேயும் 23 நகர்த்தலுக்கு மேல் தாங்கவில்லை. அப்போது உலகின் முதல் சில இடங்களுக்குள் இருந்தவர் அவர்! கிராம்னிக்கை பானில் மடக்கிய அதே செமி ஸ்லாவ் குடும்பத் தொடக்கம்தான் இதுவும்.

தங்க மழை கதை கேட்டிருப்பீர்கள். 1912, பிரெஸ்லாவ் நகரம். லெவிட்ஸ்கி வெள்ளை, அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல் கறுப்பு. 23வது நகர்த்தலில் மார்ஷல் தன் ராணியை ஜி3ல் வைத்தார். இரண்டு சிப்பாய், ஒரு ராணி, மூன்று விதமாக வெட்டலாம். எப்படி வெட்டினாலும் வெள்ளைக்குத் தோல்வி! ரசிகர்கள் பரவசத்தில் பலகை மேல் தங்கக் காசுகளை வீசினார்கள் என்பது கதை. காசும் விழவில்லை ஒன்றும் விழவில்லை என்று அவருடைய மனைவியே மறுத்ததாகவும் சொல்வார்கள். வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று மனைவிக்குத் தெரியாதா!

1953ல் சூரிச்சில் கோடோவ் ஆடியது இன்னொரு வகை. கறுப்போடு 30வது நகர்த்தலில் ராணியைக் கொடுத்து, அவெர்பாக்கின் ராஜாவைக் கோட்டையிலிருந்து வெளியே இழுத்து, நடுப்பலகையில் தன் காய்களுக்கு நடுவே நிற்கவைத்தார். பிறகு இருபது நகர்த்தலுக்கு அந்த ராஜாவுக்கு அங்கே விசாரணை நடந்தது. அழகு ஆட்டத்துக்கான பரிசு அதற்கே.

நம் ஊர்ப் பலகையிலும் கறுப்பு சும்மா இருக்கவில்லை, ஆனால் இது கொஞ்சம் வலிக்கும். 2013 நவம்பர், சென்னை. ஆனந்தை கார்ல்சன் வீழ்த்திய பட்டப் போட்டி. கார்ல்சனின் மூன்று வெற்றிகளில் இரண்டு கறுப்போடு! 9வது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையோடு ராஜாவைத் தாக்கிப் பாய்ந்தார். கார்ல்சனின் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகி செக் வைத்தது. தடுக்க எஃப்1 கட்டத்தில் ஏதாவது வைக்க வேண்டும். பிஷப்பை வைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். அடுத்த நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. கட்டம் சரி, காய் தப்பு! அந்தப் போட்டியைப் பார்வையாளராக வந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், இந்தப் பட்டத்தை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டான். பெயர் குகேஷ்.

அதே கார்ல்சனை 2022 பிப்ரவரியில் இணையவழி ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் 16 வயது பிரக்ஞானந்தா 39 நகர்த்தலில் ஜெயித்தபோது கையில் என்ன காய் என்று கேட்பீர்கள்தானே? அதேதான். அப்போது இந்தியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்று கேட்டதற்கு, தூங்கப் போகிறேன் என்கிற மாதிரி பதில் சொன்னார்!

இவ்வளவும் படித்த பிறகு இன்னொன்று. முதல் நகர்த்தல் வெள்ளைக்கே என்பது ஆதிகால விதி இல்லை, தெரியுமா? 19ம் நூற்றாண்டின் நடுவில்கூடக் கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு முதலில் நகர்த்தியவர்கள் உண்டு. 1880ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்க செஸ் மாநாட்டு விதிகளில்தான் முதலில் நகர்த்துகிறவர் வெள்ளையைத்தான் ஆடவேண்டும் என்று அச்சிட்டுச் சொன்னார்கள். பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கு எல்லோரும் கறுப்பைத்தான் கேட்கும் ஒரு இடம் இருக்கிறது. ஆர்மகெடன்! எத்தனை ஆடியும் சமமாகவே இருந்தால் வைக்கும் கடைசி ஆட்டம் அது. வெள்ளைக்குப் பொதுவாக 5 நிமிஷம், கறுப்புக்கு 4. ஆனால் ஆட்டம் டிரா ஆனால் வெற்றி கறுப்புக்கு! சில போட்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போய் ஏலமே விடுகிறார்கள். கறுப்பு எனக்குக் கொடுத்தால் எத்தனை நிமிஷத்தில் ஆடி முடிப்பேன் என்று இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் குறைவாகக் கேட்கிறாரோ கறுப்பு அவருக்கு. வெள்ளைக்கு 15 நிமிஷம் இருக்க, அதில் பாதியும் கொஞ்சமும் போதும் என்று எழுதிக் கொடுத்து, அடித்துப் பிடித்து அந்தக் கறுப்பை வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறார்கள்!